கிளப்பில் 400 பேருக்கு விருந்து: வெளி ஈவென்ட் கம்பெனியா, நம் ஆட்களா?

குன்னூர்_வாசி

எல்லாருக்கும் வணக்கம். குன்னூர் பக்கம் ஒரு பழைய கிளப்பில் இந்த வருடம் கமிட்டியில் இருக்கிறேன். டிசம்பர் முதல் சனிக்கிழமை ஆண்டு விழா. சாதாரணமாகச் சனிக்கிழமை இரவு 60, 70 பேர் சாப்பிடுவார்கள். இந்த முறை மற்ற கிளப் உறுப்பினர்கள், குடும்பத்தார் என்று 400 பேர் வருகிறார்கள். பகலில் கோல்ஃப், சாயங்காலம் புல்வெளியில் டீ, அப்புறம் கச்சேரி, இரவு விருந்து.

கமிட்டியில் இரண்டு கட்சி. கோவையிலிருந்து ஒரு ஈவென்ட் கம்பெனியை வரவழைத்து மொத்தத்தையும் ஒப்படைத்துவிடலாம் என்கிறது ஒன்று. பட்லர், சமையல் மாஸ்டர், பரிமாறும் பேரர்கள் எல்லாரும் இருக்கும்போது வெளியாள் எதற்கு என்கிறது இன்னொன்று. எனக்கு இரண்டுமே முழுதாகச் சரியாகப் படவில்லை. மலை மேல் இப்படி ஒரு விருந்தை நடத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

அடுப்படி_மாஸ்டர்

சார், நான் ஊட்டியில் ஒரு கிளப் சமையலறையில் வேலை பார்த்தவன். இப்போது சொந்தமாகச் சமையல் காண்ட்ராக்ட் எடுக்கிறேன்.

60 பேர் சமையல் வேறு, 400 பேர் சமையல் வேறு. 60 பேருக்கு மாஸ்டரின் கைப்பக்குவம் போதும். 400 பேருக்கு யார், எதை, எத்தனை மணிக்கு, யார் கையில் கொடுக்கிறார்கள் என்பதுதான் பாதிச் சமையல். காய் நறுக்குகிறவர் ஒரு மணி நேரம் பிந்தினால் தட்டில் எடுத்து வைக்கிற பேன்ட்ரி காத்திருக்கும், பேரர் காத்திருப்பார், மேஜையில் உட்கார்ந்திருப்பவரும் காத்திருப்பார். அவர் திட்டுவது பேரரைத்தான்.

வெளியூர் மாஸ்டரைக் கூட்டி வந்தால் முதல் சிக்கல் பருப்பிலும் சாதத்திலும் வரும். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குன்னூரில் 94 பக்கம். தளதளவென்று கொதிக்கும், ஆவி பறக்கும், ஆனால் கீழே வேகிற நேரத்தில் வேகாது. கோவை மாஸ்டர் நல்ல கைக்காரராகவே இருப்பார். ஆனால் அவருடைய நேரக் கணக்கு கோவைக் கணக்கு. பக்கத்தில் உங்கள் மாஸ்டர் நின்று "அண்ணா, இன்னும் இருபது நிமிஷம் விடுங்க" என்று சொல்ல வேண்டும், அதை அவர் கேட்கவும் வேண்டும். இதற்கு இரண்டு பேரும் முதல் நாளே ஒன்றாக உட்கார்ந்து டீ குடித்திருக்க வேண்டும்.

அடுத்தது கேஸ். குளிர் இரவில் ஒரே 19 கிலோ சிலிண்டரில் பெரிய அடுப்பைப் போட்டு முழு வேகத்தில் இழுத்தால் சிலிண்டரின் வெளிப்பக்கம் பனி பூக்கும், தீ சுருங்கிவிடும். உள்ளே கேஸ் இருக்கும், மேலே ஏறாது. அந்த அவசரத்தில் கொதிநீரை ஊற்றுகிறவர்கள், பக்கத்தில் நெருப்பு வைக்கிறவர்கள் எல்லாம் உண்டு. தயவு செய்து யாரையும் அதற்கு விடாதீர்கள். நாலைந்து சிலிண்டரை ஒரே குழாயில் சேர்த்துவிட்டால் ஒவ்வொன்றிலும் இழுப்பு குறையும், தீ சீராக நிற்கும். அதைப் பொருத்தக் கேஸ் ஏஜென்சி மெக்கானிக்கை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கடைசியாகத் தட்டு. இதை யாருமே யோசிக்க மாட்டார்கள். டிசம்பர் இரவில் பீங்கான் தட்டு ஐஸ் மாதிரி இருக்கும். மட்டன் குழம்பை ஊற்றிப் பேன்ட்ரியிலிருந்து மேஜைக்குக் கொண்டு போவதற்குள் ஓரத்தில் கொழுப்பு வெள்ளையாகப் படிந்துவிடும். விருந்தாளி அதைக் கரண்டியால் மெல்ல ஒதுக்கி வைப்பார். சமையல் பிரமாதமாக இருந்தாலும் அங்கேயே பெயர் கெட்டுப் போகும். அதற்கென்றே ஒரு ஆளை நிறுத்துங்கள். தட்டைச் சுடுதண்ணீரில் முக்கி எடுத்து, ஈரம் போகத் துடைத்து, துணி போட்டு மூடி அடுக்குவது மட்டும்தான் அவர் வேலை. நடுவில் அவரைத் தண்ணீர் பிடிக்கவோ சாலட் அடுக்கவோ கூப்பிடக் கூடாது.

கோவை_ஈவென்ட்

மாஸ்டர் அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. நான் நீங்கள் சொல்கிற அந்த வெளியூர் கம்பெனி ஆள்தான். எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

எங்களால் தர முடிந்தது கை பலமும் சாமானும். நாற்பது சப்ளையர், 400 நாற்காலி, மேடை, பந்தல், சாப்பாட்டைச் சூடாக வைக்கும் சேஃபிங் டிஷ், லைட். இதையெல்லாம் எந்தக் கிளப்பும் சொந்தமாக வைத்திருக்க முடியாது. ஆனால் கிளப்பின் ஒரு மேஜையில் யார் யாருடன் உட்கார்வார்கள், எந்தப் பெரியவருக்குச் சர்க்கரை, எந்த அம்மாவுக்கு மாடிப்படி ஏற முடியாது என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? உங்கள் சீனியர் பேரருக்கு அது மனப்பாடம். மொத்தமாக ஒப்படைத்தால் அந்த அறிவு முழுவதும் அன்றைக்கு ஓரமாக நிற்கும். அதனால் கம்பெனிக்காரனான நானே சொல்கிறேன், மொத்தமாக ஒப்படைக்காதீர்கள்.

நாங்கள் அதிகம் தடுமாறுவது இன்னொரு இடத்தில். ஒரு கமிட்டி மெம்பர் வந்து மேடையை இடப்பக்கம் போடச் சொல்வார். அரை மணியில் இன்னொருவர் வந்து வலப்பக்கம் என்பார். மூன்றாவதாக ஒருவர் மேடையே வேண்டாம் என்பார். எங்கள் பையன்கள் யாருக்கும் இல்லையென்று சொல்ல முடியாது. எல்லாருமே அங்கே முதலாளி. மூன்று முறை கழற்றி மாட்டிக் களைத்த பையனிடம் இரவு பத்து மணிக்குச் சிரித்த முகத்தோடு பரிமாறச் சொல்வது நியாயமா? ஒரே ஒருவர் பேச்சுத்தான் கடைசிப் பேச்சு என்று முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அது செக்ரட்டரியாக இருக்கலாம், மேனேஜராக இருக்கலாம். கமிட்டியின் மற்றவர்களுக்கு ஏதாவது தோன்றினால் அவரிடம் சொல்லட்டும்.

பர்லியார்_டிரைவர்

எல்லாரும் சமையலிலேயே நிற்கிறீர்கள். சாமான் மேலே வந்தால்தானே சமையல்?

டிசம்பர் முதல் வாரம் என்றால் வடகிழக்குப் பருவமழை இன்னும் முடிந்திருக்காது. நம் குன்னூர், கோத்தகிரி பக்கம்தான் அந்த மழை நன்றாக அடிக்கும். 2009 நவம்பர் மண்சரிவை இந்த மலையில் யாரும் மறக்க மாட்டார்கள். அவ்வளவு பெரிதாக வர வேண்டாம், ஒரு மரம் சாய்ந்தாலே மேட்டுப்பாளையம் ரோட்டில் பாதி நாள் போய்விடும். கோத்தகிரி வழி இருக்கிறது, ஆனால் எல்லா வண்டியும் அங்கே திரும்பினால் அதுவும் நகராது.

அதனால் கீழேயிருந்து வருவதை இரண்டாகப் பிரியுங்கள். நாற்காலி, மேடை, மளிகை, எண்ணெய், பாத்திரம் எல்லாம் வியாழக்கிழமையே கிளப் கொட்டகையில் இருக்க வேண்டும். கறியும் மீனும் மட்டும் வெள்ளிக்கிழமை. காய்க்குக் கீழே போகவே வேண்டாம். கேரட், பீன்ஸ், உருளை, முட்டைக்கோஸ் எல்லாம் நம் மண்ணிலேயே விளைகிறது. கேத்தி பக்கம் சொல்லி வைத்தால் அன்று காலை பிடுங்கியது வரும்.

கோவை தம்பிக்கு ஒரு விஷயம். வெளி மாவட்ட வண்டி மலைக்கு வர இ-பாஸ் எடுக்க வேண்டும். உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது, நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சேர்த்துத்தான். டிஎன் 43 என்ற நம் மாவட்டப் பதிவு வண்டிக்குத் தேவையில்லை. பந்தல் வண்டி டிரைவரிடம் பாஸ் இல்லை என்று செக்போஸ்ட்டில் நின்றால் இங்கே பத்துப் பேர் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அதோடு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில், பிளாஸ்டிக் கப் எதையும் ஏற்றி வராதீர்கள், மாவட்டத்தில் தடை.

குன்னூர்_வாசி

ரொம்ப நன்றி. வியாழக்கிழமை சாமான் என்பதை இன்றே குறித்துக்கொண்டேன். ஒரு சந்தேகம். எங்கள் ஸ்டோர் ரூம் சின்னது. ஸ்டோர்கீப்பர் இப்போதே முகம் சுளிக்கிறார். அவர் ஒத்துழைக்கவில்லை என்று கமிட்டியில் ஒருவர் குறை சொல்கிறார். என்ன செய்யலாம்?

கொடை_ஹவுஸ்கீப்பிங்

தம்பி, அவர் ஒத்துழைக்கவில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் அவரிடம் யாராவது கேட்டீர்களா? "400 பேர் வருகிறார்கள், இதைச் செய்துவிடுங்கள்" என்று சொல்வது வேறு. "400 பேர் வருகிறார்கள், உங்கள் ரூமில் எவ்வளவு அடங்கும், எது அடங்காது, என்ன வேண்டும்" என்று கேட்பது வேறு. சாமான் ஒரு கரண்டி குறைந்தாலும் மறுநாள் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். முகம் சுளிக்காமல் என்ன செய்வார்?

நான் கொடைக்கானலில் ஒரு கிளப்பில் ஹவுஸ்கீப்பிங் பார்க்கிறேன். எங்களிடம் பெரிய விழா என்றால் முதல் கூட்டத்திலேயே ஸ்டோர்கீப்பர், பட்லர், மாஸ்டர், தோட்டக்காரர், பில்லியர்ட்ஸ் ரூமைப் பார்க்கும் மார்க்கர், வாட்ச்மேன், நான், லாண்டரி அம்மா எல்லாரும் நாற்காலியில் உட்கார்ந்துதான் பேசுவோம். மெம்பர்கள் உட்கார, நாங்கள் சுவரோரம் கை கட்டி நிற்கிற கூட்டமாக இருந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவோம். பிரச்சனை அன்றைக்கு இராத்திரிதான் வெளியே வரும். இதை நான் அடித்துச் சொல்வேன்: விழாவில் எது எங்கே சொதப்பும் என்பது அந்தந்த வேலையைச் செய்கிறவருக்கு முன்பே தெரியும். கேட்க ஆள் இல்லாததால்தான் அது சொதப்புகிறது.

இரண்டு ஆண்டுக்கு முன்னால் எங்கள் கூட்டத்தில் ஒரு உதாரணம். மெம்பர்கள் பூ அலங்காரத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார்கள். கடைசியில் லாண்டரி அம்மா, "நாப்கின் எத்தனை முறை மாத்துவீங்க? இந்தக் குளிர்ல துவைச்சது ரெண்டு நாளானாலும் காயாது" என்றார். அறையே அமைதியாகிவிட்டது. அன்றைக்கே கூடுதல் நாப்கின் வாடகைக்குச் சொன்னோம். அவர் மட்டும் இல்லையென்றால் ஈர நாப்கினைத்தான் மடித்து வைத்திருப்போம்.

அடுத்தது பெண்கள் வேலை முடிந்து வீடு போவது. இதை யாரும் பட்ஜெட்டில் போட மாட்டார்கள். பாத்திரம் கழுவி முடிக்க நள்ளிரவு தாண்டும். கொடையில் காட்டுமாடு ரோட்டிலேயே நிற்கும். உங்கள் பக்கம் கரடி வேறு. டார்ச் அடித்துக்கொண்டு நடந்து போங்கள் என்று சொல்ல முடியுமா? இரண்டு ஜீப், வீட்டு வாசல் வரை. மெம்பர்கள் கார் எடுக்கும் நேரத்தில் அந்த ஜீப்பும் கேட்டில் தயாராக நிற்க வேண்டும்.

கரடி என்றதும் நினைவுக்கு வருகிறது, எச்சில் தொட்டியை மூடாமல் இரவு விடாதீர்கள். எண்ணெய் வாசனைக்குக் கரடி கதவையே உடைத்து வரும்.

தேயிலைத்தோட்டம்

நான் பழைய மெம்பர், ஓய்வுபெற்ற எஸ்டேட் மேனேஜர். ஹவுஸ்கீப்பிங் அம்மா சொல்வதைப் பெரும்பாலும் ஏற்கிறேன். ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன்.

மலையில் கிளப் ஏன் வந்தது? ஒவ்வொரு எஸ்டேட்டிலும் ஒருவர் தனியாகக் கிடப்பார். வாரம் ஒருமுறை பத்துப் பேர் முகம் பார்க்க ஒரு இடம் வேண்டும். அதனால் கிளப் விருந்து என்றால் மெம்பர்களும் வேலை செய்ய வேண்டும் என்பது என் கருத்து. வாசலில் வரவேற்பது, வெளிக் கிளப் விருந்தாளிகளை மேஜைக்குக் கூட்டிப் போவது, கோல்ஃப் ஸ்கோர் அட்டை பார்ப்பது, பரிசுகளை அடுக்குவது எல்லாம் மெம்பர் வேலை. இதற்கெல்லாம் சம்பளத்துக்கு ஆள் வைத்தால் அது ஹோட்டல் கல்யாணம்.

இன்னொன்று கேட் விஷயம். பழைய கிளப்களில் உடை விதி உண்டு. சென்னையில் ஒரு கிளப்பில் நீதிபதி ஒருவரை வேட்டி கட்டியதற்காக உள்ளே விடாமல் பெரிய பிரச்சனையாகி, 2014ல் சட்டமன்றமே சட்டம் போட்டது. நம் மலையின் படுகச் சமூகப் பெரியவர்கள் விழா என்றால் வெள்ளை வேட்டியும் தலைப்பாகையுமாகத்தான் வருவார்கள். கேட்டில் நிற்பவர் வெளியூர் செக்யூரிட்டிப் பையனாக இருந்து, யாரோ சொன்ன பழைய விதியைச் சொல்லி ஒரு பெரியவரை நிறுத்தினால், அந்த அவமானத்தை எந்த விருந்தாலும் சரிக்கட்ட முடியாது. கேட்டில் உங்கள் பழைய வாட்ச்மேன் இருக்கட்டும், பக்கத்தில் ஒரு மெம்பர் நிற்கட்டும்.

சவுண்ட்_ஊட்டி

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கீழே வாடகைக்கு எடுக்கும் ஜெனரேட்டர் மேலே அதே திறனைத் தராது. காற்றில் ஆக்சிஜன் குறைவு, இன்ஜின் திணறும். கணக்குக்குச் சரியாக எடுக்காமல் ஒரு அளவு பெரிதாக எடுங்கள். சமையலறை ஹீட்டர், ஹால் ஹீட்டர், சவுண்ட் மூன்றையும் ஒரே லைனில் மாட்டாதீர்கள். ஹீட்டர் போட்டதும் மைக் செத்துவிடும். கிளப் எலக்ட்ரீஷியனை அன்று இரவு வேறு எதற்கும் அனுப்பாதீர்கள். அந்தப் பழைய கட்டடத்தில் எந்த சுவிட்ச் எதற்கு என்று அவருக்குத்தான் தெரியும். திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஸ்பீக்கர் கூடாது. கச்சேரியை விருந்துக்கு முன்னால் வைத்தது நல்லது.

கோவை_ஈவென்ட்

சவுண்ட் அண்ணா, அந்த ஜெனரேட்டர் விஷயம் எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. நன்றி.

குன்னூர் சார், பார் பற்றி யாரும் பேசவில்லை. கிளப்புக்கு இருப்பது எஃப்எல் 2 என்ற மது லைசென்ஸ். எங்களை மாதிரி வெளியாட்கள் அங்கே ஊற்றிக் கொடுப்பது சரிவராது. அவ்வளவு வெளி விருந்தாளிகள் வருவதால் ஆயத்தீர்வை அலுவலகத்தில் முன்பே கேட்டுவிடுங்கள். பாரில் முழுக்க உங்கள் ஆட்களே நிற்கட்டும், அந்த நேரத்துக்கு மேஜையில் எங்கள் பையன்களை விடுகிறேன் என்று பிரித்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

அடுப்படி_மாஸ்டர்

ஹவுஸ்கீப்பிங் அக்கா சொன்னதுக்கு மேல் ஒன்று. வேலை செய்கிறவர்கள் சாப்பாடு. 400 பேருக்கு ஆக்கிப் போடுகிறவன் பசியோடு நிற்பான், கடைசியில் ஆறிப்போன மிச்சத்தைச் சாப்பிடுவான். சாயங்காலம் ஆறு மணிக்குள் எல்லா ஸ்டாஃபுக்கும் சூடாக ஒரு சாப்பாடு, மாற்றி மாற்றி உட்கார்ந்து சாப்பிட வேண்டும். கோவைப் பையன்களும் உங்கள் பேரர்களும் ஒரே பந்தியில் உட்காரட்டும். அங்கேதான் பேர் கேட்பார்கள், ஊர் கேட்பார்கள். இரவு ஒன்பது மணிக்குப் பேன்ட்ரி வாசலில் இடித்துக்கொள்ளும்போது "ஏய்" என்று கத்தாமல் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

அடுத்த வருடத்துக்கும் சேர்த்துச் சொல்கிறேன். தேதி வைக்கும் முன் ஸ்டாஃபின் பண்டிகையைப் பாருங்கள். டிசம்பர் கடைசி, ஜனவரி என்றால் படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகை வரும், கிறிஸ்துமஸ் வரும். பாதிப் பேர் லீவு கேட்பார்கள், கேட்பதுதான் நியாயம்.

குன்னூர்_வாசி

விழா முடிந்தது. என்ன நடந்தது என்று எழுதுகிறேன்.

இரண்டையும் கலந்துதான் செய்தோம். நாற்காலி, மேடை, சப்ளையர்கள் கோவையிலிருந்து. சமையல், பார், கேட், மேஜை ஏற்பாடு எல்லாம் எங்கள் ஆட்கள். மேனேஜர் பேச்சுத்தான் கடைசி என்று எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டினோம். முதல் கூட்டத்தில் எல்லாரையும் நாற்காலியில் உட்கார வைத்தோம். ஆரம்பத்தில் கூச்சம், யாரும் பேசவில்லை. முதலில் வாயைத் திறந்தது அந்த ஸ்டோர்கீப்பர்தான். பழைய டென்னிஸ் ஷெட்டின் கூரை ஓடுகளை மாற்றிக் கொடுத்தால் மொத்தச் சாமானையும் அங்கே வைத்துப் பூட்டிவிடுகிறேன் என்றார். ஓடு மாற்ற ஒரு நாள் ஆனது. ஒரு கரண்டி கூடத் தொலையவில்லை.

வெள்ளிக்கிழமை நல்ல மழை. கீழ் ரோட்டில் மரம் விழுந்து காலையிலிருந்து மதியம் வரை வண்டி இல்லை. எங்கள் சாமான் வியாழக்கிழமையே வந்துவிட்டதால் கிளப் மாஸ்டர் கவலையே படவில்லை. மீன் மட்டும் கோத்தகிரி சுற்றி வந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குப் புல்வெளியை மூடுபனி மூடிவிட்டது. பத்தடியில் நிற்பவர் தெரியவில்லை. டீயை உள்ளே மாற்ற வேண்டும். ஒரு மெம்பர் பில்லியர்ட்ஸ் ரூமைத் திறக்கச் சொன்னார். மார்க்கர் முடியாது என்றார். ஈரக் கோட்டோடு 100 பேர் உள்ளே வந்தால் மேஜைத் துணி ஈரம் வாங்கிவிடும், டீ ஒரு சொட்டு விழுந்தாலும் துணியே போச்சு என்றார். ஸ்னூக்கருக்கு முதன்முதலில் விதி எழுதி மாட்டியதே ஊட்டி கிளப் சுவரில்தான். அந்த மரியாதை எங்கள் மார்க்கருக்கு இன்னமும் இருக்கிறது. மேனேஜர் அவர் பக்கம் நின்றார். வராந்தாவிலும் படிப்பறையிலும் டீ கொடுத்தோம். கோவைப் பையன்கள் இருபது நிமிடத்தில் மேஜைகளை மாற்றினார்கள், வழி காட்டியது எங்கள் தோட்டக்காரர். பின்பக்க வழி அவருக்குத்தான் அத்துப்படி.

தட்டு துடைக்க நிறுத்தியவர் மாஸ்டரின் மருமகன். கடைசிப் பந்தி வரை அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. மட்டன் கடைசித் தட்டு வரை சூடாகவே போனது.

நேற்று கமிட்டிக் கூட்டம். விழாவில் மிஞ்சிய பணத்தில் புதிய திரைச்சீலை வாங்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. நான் எதிர்த்தேன். ஸ்டாஃபுக்கு ஓவர்டைம் கொடுத்துவிட்டோம், அதற்கு மேல் ஆளுக்கு ஒரு நல்ல ஜெர்க்கினும், பாத்திரம் கழுவுகிற பெண்களுக்கு ரப்பர் பூட்ஸும் வாங்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அந்த இரவு பின்கட்டில் போய்ப் பார்த்தேன். கணுக்கால் வரை பச்சைத் தண்ணீரில் வெறும் செருப்போடு நின்று கழுவிக்கொண்டிருந்தார்கள். அடுத்த கூட்டத்தில் முடிவாகும்.

கொடை_ஹவுஸ்கீப்பிங்

பூட்ஸை முதலில் கேளுங்கள் தம்பி, ஜெர்க்கின் அப்புறம். அதோடு பின்கட்டுக்கு ஒரு கீசர் போட எவ்வளவு ஆகும் என்று உங்கள் எலக்ட்ரீஷியனிடம் கொட்டேஷன் வாங்கிக்கொண்டே கூட்டத்துக்குப் போங்கள். கையில் தொகை இருந்தால் தள்ளிப் போட மாட்டார்கள்.

குன்னூர்_வாசி

சரி அக்கா. நாளைக்கே வாங்கிவிடுகிறேன்.